தப்பான பாஸ்வேர்டு போட்டாலும் திறந்த கதவு... சி மொழியில் ஒரு பைட் செஞ்ச குளறுபடி! என்ன நடந்தது?

தப்பான பாஸ்வேர்டை திரும்பத் திரும்ப போட்டுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்தில் உள்ளே விட்டுடும். கேட்க ஜோக் மாதிரி இருக்கா? 2012-ல் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி டேட்டாபேஸ்களில் உண்மையிலேயே இந்தக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. காரணம், சி கோடில் தப்பாகத் தேர்வு செய்யப்பட்ட ஒரு டேட்டா டைப்.

என்ன நடந்தது?

லாகின் செய்யும்போது, வந்த பாஸ்வேர்டு தகவலையும் சர்வரில் இருப்பதையும் 'மெம்சிஎம்பி' என்ற ஃபங்ஷன் ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, இல்லையென்றால் வேறு ஒரு எண் வரும். அது 'இன்ட்' வகை. வழக்கமாக 4 பைட்.

ஆனால் அந்த விடையை 1 பைட் மட்டுமே கொண்ட 'சார்' வகையில் போட்டு வைத்திருந்தார்கள். குடத்துத் தண்ணியை டம்ளரில் ஊற்றின கதைதான். உதாரணமாக 512 வந்தால், கடைசி பைட் மட்டும் மிஞ்சும். அது 0. உடனே சர்வர் "பாஸ்வேர்டு சரி" என்று நம்பிவிடும்.

ஒவ்வொரு முயற்சியிலும் ஒப்பிடப்படும் தகவல் மாறுவதால், சுமார் 256-ல் ஒருமுறை இப்படி நடக்க வாய்ப்பு. சில நூறு முயற்சிகளுக்கு கம்ப்யூட்டருக்கு ஒரு நொடிகூட ஆகாது. யூசர் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். ஆறுதலான விஷயம், எல்லா சர்வர்களிலும் இந்தச் சிக்கல் இல்லை. 'மெம்சிஎம்பி' எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்தே அமைந்தது.

'சார்' என்றால் எழுத்துதானே?

பேர் அப்படித்தான். உண்மையில் அது ஒரு சின்ன எண். 'சைன்டு சார்' என்றால் -128 முதல் 127 வரை, 'அன்சைன்டு சார்' என்றால் 0 முதல் 255 வரை. வெறும் 'சார்' என்று எழுதினால் எது என்பதை கம்பைலர்தான் முடிவு செய்யும். லினக்ஸில் இன்டெல் சிப் என்றால் பொதுவாக சைன்டு, ஆர்ம் சிப் என்றால் அன்சைன்டு. ஒரே கோடு, இரண்டு விடை! இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 2023-ல் வெளியான லினக்ஸ் கெர்னல் 6.2 முதல், எல்லா சிப்புக்கும் அன்சைன்டு என்று மாற்றினார்கள்.

தமிழுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற ஒரே எழுத்துக்கு 3 பைட்: 224, 174, 133. சைன்டு சாரில் இவை -32, -82, -123 ஆகிவிடும். ஆங்கில எழுத்துகள் 127-க்குள் அடங்கிவிடுவதால், ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் செய்தால் இந்தத் தப்பு கண்ணில் படாது.

2011-ல் 'கிரிப்ட் ப்ளோஃபிஷ்' என்ற பாஸ்வேர்டு பாதுகாப்பு நிரலில் இதேதான் சிக்கியது. 127-க்கு மேற்பட்ட பைட் வந்தால், அதற்கு முன்னால் இருந்த 1 முதல் 3 எழுத்துகள் சில நேரம் கணக்கிலேயே சேரவில்லை. அதாவது பாஸ்வேர்டு நீளமாக இருந்தும் பலம் குறைவு.

சரி, எதை எங்கே பயன்படுத்தணும்?

* படம், பாஸ்வேர்டு ஹேஷ் போன்ற வெறும் பைட்களுக்கு: அன்சைன்டு சார் பாயின்டர்.
* கோடிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதி வைத்த, மாற்றக்கூடாத வாசகத்துக்கு: கான்ஸ்ட் சார் பாயின்டர். 'கான்ஸ்ட்' போட்டால், மாற்ற முயன்றதும் கம்பைலரே தடுத்துவிடும். போடாவிட்டால் புரோகிராம் ஓடும்போது கிராஷ் ஆகலாம்.
* என்ன வகை என்று தெரியாத மெமரிக்கு: வாய்டு பாயின்டர்.
* 'கெட்சார்' தரும் விடைக்கு: இன்ட். சாரில் வாங்கினால், ஃபைல் முடிந்ததா, 255 என்ற பைட் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது.
* மெமரி முகவரியை இன்ட்டில் சேமிக்கவே கூடாது. 64 பிட் கம்ப்யூட்டரில் முகவரி 8 பைட், இன்ட் வழக்கமாக 4 பைட்தான். பாதி முகவரி தொலைந்துவிடும்.

இது எல்லாத்தையும் நினைவில் வைக்க முடியலையா? கம்பைலர் எச்சரிக்கைகளை ஆன் செய்து வையுங்கள். வரும் வார்னிங்கை படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். கூடவே, டெஸ்ட் செய்யும்போது ஒரு 'அம்மா'வையும் டைப் செய்து பாருங்கள். அந்த 15 பைட்டும் ஒழுங்காக உள்ளே போய் வெளியே வந்தால், பாதிக் கவலை தீர்ந்தது.