பெருங்காற்றில் படகைக் காக்கும் சின்னப் பாய்

பெர்மாஸ் ஜெயாவுக்குப் பக்கத்தில், செனிபோங் கடலோரத்துக்குச் சாப்பிடப் போகும் நம்மவர்கள் அங்குள்ள மரீனாவில் பாய்மரப் படகுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த இடத்தில் கடல் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் மேற்கே ஜோகூர் பாலம் வழியை அடைத்திருக்கிறது. ஆகவே அங்கிருந்து புறப்படும் படகு கிழக்கே பெங்கெராங் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அதைத் தாண்டி வடக்கே தியோமான் போகும் வழி, தென்சீனக் கடல்.

நவம்பர் முதல் மார்ச் வரை அந்தக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அது படகை ஜோகூரின் கிழக்குக் கரையை நோக்கியே தள்ளும். அந்த நேரத்தில் இன்ஜின் நின்றுபோனால், படகைக் கரையில் மோதாமல் விலக்கிக் கொண்டுபோகப் பாய் ஒன்றுதான் துணை. அதற்கென்றே தைக்கப்படும் சின்ன முன்பாயை ஆங்கிலத்தில் ஸ்டோர்ம் ஜிப் என்பார்கள். நாம் புயல் பாய் எனலாம்.

ஏன் சின்னப் பாய்?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றில் சுகமாக இழுத்துப் போகும் பெரிய பாய், 75 கிலோமீட்டர் காற்றில் படகைச் சாய்த்துவிடும்; அல்லது கிழிந்துபோகும்.

அப்படியானால் எல்லாப் பாயையும் இறக்கிவிடலாமே என்று கேட்கலாம். ஓட்டமில்லாத படகைச் சுக்கானால் திருப்ப முடியாது. அது அலைக்கு விலாவைக் காட்டியபடி கரைப் பக்கம் ஒதுங்கும். பின்னால் உள்ள பாயை மட்டும் விட்டுவைத்தால் படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். முன்னால் ஒரு சிறு பாய் இருந்தால்தான் மூக்கு ஒரு திசையில் நிற்கும்.

எவ்வளவு சிறியது?

உலகப் பாய்மரச் சங்கமான வேர்ல்ட் செயிலிங் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. முன்பாய் ஏறும் முக்கோணத்தின் உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, அதில் 5 விழுக்காட்டுக்கு மேல் புயல் பாயின் பரப்பு இருக்கக்கூடாது. உயரம் 12 மீட்டர் என்றால், 12 பெருக்கல் 12, 144. அதில் 5 விழுக்காடு 7.2 சதுர மீட்டர். அதே படகின் வழக்கமான முன்பாய் இதைவிடப் பல மடங்கு பெரியது. புயல் பாயின் துணி தடிமனானது. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று ஆரஞ்சு நிறத்தில் தைப்பது வழக்கம்.

பெரிய முன்பாயையே பாதி சுருட்டி ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சுருட்டிய பாய் பை போல உப்பி, படகை முன்னே இழுப்பதைவிட அதிகமாகச் சாய்க்கும். சுருட்டும் கயிறு அறுந்தால் பாய் முழுவதும் ஒரே நொடியில் விரிந்துவிடும்.

உலகைச் சுற்றிய தமிழ்ப் பெண்

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னா ஆகிய இரண்டு இந்தியக் கடற்படை அதிகாரிகள் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து 56 அடி நீளமுள்ள தாரிணி படகில் புறப்பட்டார்கள். வேறு ஆள் துணையில்லாமல் இருவராகவே உலகைச் சுற்றி 2025 மே 29-ஆம் தேதி திரும்பினார்கள். வழியில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்ட காற்றையும் சந்தித்தார்கள். தாரிணியின் பாய்களில் புயல் பாயும் ஒன்று.

முன்கூட்டியே ஏற்றுங்கள்

மலைச்சாலையில் இறங்கும் லோரி ஓட்டுநர், சரிவு தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுவார். பாயும் அப்படித்தான். காற்று முற்றிய பிறகு ஆடும் முன்தளத்தில் ஊர்ந்துபோய்ப் பாய் மாற்றுவதில்தான் ஆள் கடலில் விழும் ஆபத்து அதிகம்.

புயல் பாய் வாங்கினால் மட்டும் போதாது. காற்றில்லாத ஒரு நாளில், படகு துறையில் நிற்கும்போதே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். கயிறு எந்த வழியாக வர வேண்டும் என்று அடையாளம் இட்டு வையுங்கள். பாயின் பின்மூலையில் இரும்புக் கொக்கி வேண்டாம். கயிற்றையே முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். பாய் படபடக்கும்போது கொக்கி தலையில் பட்டால் மண்டை உடையும். பாயின் அடி தளத்திலிருந்து சற்று உயர்ந்தே இருக்கட்டும். தளத்தில் ஏறும் அலை அதன் கீழே ஓடிப்போகும். முன்தளத்துக்குப் போகிறவர் பாதுகாப்பு வாரைப் படகோடு மாட்டாமல் போகவே கூடாது.

விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்று பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பாயைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தாலே போதும். நாள் கணக்கில் நீடிக்கும் பருவக்காற்றுக்குத்தான் புயல் பாய் தேவைப்படும். அதை அலமாரியின் அடியில், மற்ற மூட்டைகளுக்குக் கீழே போட்டு வைக்காதீர்கள். புறப்படுமுன் கைக்கு எட்டும் இடத்தில் எடுத்து வையுங்கள்.