பழி வேண்டாம் என்ற தந்தை

கொடைக்கானல் மலையேறியோர் அறிவர். 1845-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்கள் வீடமைத்த அவ்வூரில், தேவாலயமும் குறிஞ்சி ஆண்டவர் கோவிலும் பள்ளிவாசலும் ஒரே மேகத்தின் கீழ் நிற்கின்றன. இத்தகைய ஊரில், என்றேனும் மதத்தின் பெயரால் ஒருவர் தாக்கப்பட்டால் நாம் என் செய்வோம்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை தந்த ஒரு தந்தையை இன்று நினைவுகூர்வோம்.

மேற்கு வங்காளத்தின் தொழில் நகரம் ஆசன்சோல். 2018 மார்ச்சு இறுதியில், இராமநவமி ஊர்வலத்தையொட்டி அங்குக் கலவரம் மூண்டது. நூரானி பள்ளிவாசல் இமாம் மௌலானா இம்தாதுல் ரஷீதியின் பதினாறு வயதுப் புதல்வர் கொல்லப்பட்டார். ஜனாஸாவுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இளைஞர் உள்ளங்களில் சினம் கொதித்தது. அத்தந்தையோ, எவரும் பழிவாங்கப் புறப்படலாகாது என்றும், புறப்பட்டால் தாம் பள்ளிவாசலையும் ஊரையும் விட்டே நீங்கிவிடுவதாகவும் அறிவித்தார். அச்சொல் சினத்தைத் தணித்தது.

அதற்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வூர் மக்களோடு அவர் வாழ்ந்த வாழ்விலிருந்து!

ஒரு சமூகத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது திருமறை தரும் அறிவுரை. பொறுமை கோழைத்தனமன்று. குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்துவதும் நம் கடமையே. கும்பல் வன்முறையைத் தடுக்க, மாவட்டந்தோறும் உயர் காவல் அதிகாரி ஒருவரைப் பொறுப்பாக்குமாறு 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே, புகாரை எழுத்தில் அளியுங்கள், வதந்தியைப் பரப்பாதீர்கள்.

பாதிக்கப்பட்டோர் பொறுத்தால் மட்டும் போதுமா? அண்டை அயலாரும் அருகில் நிற்க வேண்டும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், 2019 மார்ச்சு 15 வெள்ளியன்று இரு பள்ளிவாசல்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 51 பேர் உயிர் நீத்தனர். அடுத்த வெள்ளியன்று பாங்கொலி அந்நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. பிற சமயத்தார் ஆயிரக்கணக்கில் திடலுக்கு வந்து, தொழுவோரைச் சூழ்ந்து நின்றனர். நாளை பிற சமயத்தார்க்குத் தீங்கு நேரின், அவர்தம் வாயிலில் நாமும் அவ்வாறு நிற்க வேண்டாமா?

பழனி மலையில் குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் அச்செடி எவர் கண்ணையும் கவராமல் வளர்கிறது. அண்டை வீட்டாரோடு கொண்ட நல்லுறவும் அத்தகையதே. அமைதியான நாட்களில் வளர்த்தால்தான், சோதனை நாளில் அது கைகொடுக்கும். இன்று ஜும்ஆ முடிந்து திரும்புகையில், அடுத்த வீட்டாரிடம் நலம் விசாரித்துச் செல்லுங்கள்.