ஒரு பாஸ்போர்ட்டுக்கு 5 கிரெடிட் கூலி: 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமில் அப்படி என்னதான் இருக்கு? காஞ்சிபுரம் தறியோடு ஓர் ஒப்பீடு

வாழ்த்துகள், உங்களுக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது. தேர்வு எழுதவில்லை, நேர்காணலுக்கும் போகவில்லை. அக்டோபர் மாத வேலைக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். உடனே எல்லைச் சாவடிக்குப் போய்ச் சேர வேண்டும். குடும்பத்தோடு தங்க ஒரு வீடும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற வீடியோ கேம் இப்படித்தான் தொடங்குகிறது. 2013 ஆகஸ்ட் 8-ம் தேதி வெளியான இந்த கேம், 2023-ல் பத்தாவது ஆண்டை நிறைவு செய்தபோது 50 லட்சம் பிரதிகள் விற்றிருந்ததாக அறிவிக்கப்பட்டது. கார் ரேஸ் கிடையாது, பேய் வேட்டை கிடையாது. ஒரு மேசை, ஒரு விதிமுறைப் புத்தகம், 'அனுமதி', 'மறுப்பு' என இரண்டு முத்திரைகள். பெரும்பாலும் இதை வைத்துத்தான் முழு ஆட்டமும்.

பகலெல்லாம் வேலை பார்த்துக் களைச்சு வர்றவங்க, காசு கொடுத்து இன்னொரு வேலையை ஏன் வாங்கிப் பாக்கணும்? நியாயமான கேள்விதான். இதற்கான பதில் அந்த வேலையின் கூலிக் கணக்கில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாதிரி, சேலைக்கு இவ்வளவு கூலி என்று கணக்குப் பார்த்தே பிழைத்த ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று புரியும்.

யார் உருவாக்கியது?

லூகாஸ் போப் என்ற அமெரிக்கர். ஜப்பானில் வசிப்பவர். 'அன்சார்ட்டட்' போன்ற பிரமாண்ட கேம்களைத் தயாரித்த நாட்டி டாக் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, தனியாகச் சின்ன கேம்கள் செய்யத் தொடங்கினார். விமானப் பயணங்களில் குடியேற்றச் சோதனை வரிசையில் நின்றபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் வேலையையே கேமாக்கினால் என்ன என்று தோன்றியதாம். அதற்கு முந்தைய ஆண்டே, சர்வாதிகார நாட்டில் நாளிதழ் ஆசிரியராக உட்கார்ந்து எந்தச் செய்தியைப் போடுவது, எதை அமுக்குவது என்று முடிவெடுக்கும் 'தி ரிப்பப்ளியா டைம்ஸ்' என்ற சிறிய கேமையும் அவர் செய்திருந்தார். செய்தித் துறையில் இருக்கும் நமக்கு அது கொஞ்சம் சுருக்கென்று படும்!

இந்த வகை கேம்களை 'டிஸ்டோபியா' கதைகள் என்கிறார்கள். அரசோ நிறுவனமோ மனிதனை நசுக்கிக்கொண்டே இருக்கும் கற்பனை உலகம் என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். அந்த உலகத்தை எதிர்த்துப் போராடும் வீரனாக இல்லாமல், அதில் சம்பளம் வாங்கும் ஊழியராக உங்களை உட்கார வைப்பதுதான் இதில் புதுசு.

வேலை எப்படி?

கதை நடப்பது 1982 நவம்பரில், 'ஆர்ஸ்டோட்ஸ்கா' என்ற கற்பனை நாட்டில். பக்கத்து நாட்டோடு ஆறு ஆண்டு போர் முடிந்து, எல்லையை இப்போதுதான் திறக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பிறந்த தேதி, காலாவதி தேதி, படம், முத்திரை எல்லாம் சரியா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும்.

முதல் நாள் ரொம்ப சுலபம். உள்நாட்டுக்காரருக்கு அனுமதி, வெளிநாட்டுக்காரருக்கு மறுப்பு. அப்புறம் தினமும் காலையில் ஒரு புது விதி வரும். நுழைவுச் சீட்டு வேண்டும் என்பார்கள். சில நாளில் அந்தச் சீட்டு செல்லாது, அனுமதிப் பத்திரம்தான் வேண்டும் என்பார்கள். வேலை அனுமதி, அடையாள அட்டை, தடுப்பூசிச் சான்று என்று மேசையில் காகிதம் சேர்ந்துகொண்டே போகும். மேசையோ சின்னது, காகிதத்தை எங்கே வைப்பது என்பதே தனிப் போராட்டம். நடுவில் ஒரு பெரியவர் கையால் வரைந்த பாஸ்போர்ட்டை நீட்டி, 'கோப்ராஸ்தான்' என்று இல்லாத ஒரு நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

கூலிக் கணக்குதான் விஷயமே

சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு ஆளுக்கும் 5 கிரெடிட் கூலி. மாதச் சம்பளம் கிடையாது. மாலை 6 மணிக்குள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்களோ அதுதான் வருமானம். தப்பு நடந்தால் உடனே பக்கத்து இயந்திரத்திலிருந்து 'டர்ர்' என்று ஒரு சீட்டு வரும். ஒரு நாளில் முதல் இரண்டு தப்புகளுக்கு எச்சரிக்கை. மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம்.

வீட்டில் மனைவி, மகன், மாமியார், சித்தப்பா இருக்கிறார்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு பட்டியல் வரும்: வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து. அங்கே கடும் குளிர். கணப்புக்குக் காசு இல்லையென்றால் மகனுக்குக் குளிரில் உடம்பு முடியாமல் போகும். மருந்து வாங்காவிட்டால் அவன் பெயருக்கு நேரே 'இறந்துவிட்டார்' என்று ஒரு வரி வரும். அழுகை இல்லை, சோக இசை இல்லை. மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடியும் வேலை.

இப்போது ஒரு கணவன் வருகிறார். காகிதங்கள் எல்லாம் சரி. போகும்போது, 'அடுத்து வருவது என் மனைவி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிறார். மனைவியிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறார். உள்ளே விட்டால் உங்களுக்கு ஒரு சீட்டு வரும். இன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தப்பு பண்ணியிருந்தால், அந்தப் பெண்ணின் உயிருக்கான விலையை உங்கள் மகனின் மருந்துக் காசிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், காவலர் ஒருவர் ரகசியமாக ஒரு யோசனை சொல்வார்: 'ஆளைக் கைது செய்தால் எனக்கு போனஸ், உனக்கும் பங்கு.' அன்றிலிருந்து, பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலே கை தானாக கைது பட்டனுக்குப் போகும். விளையாடும் பலருக்கு உதறல் எடுப்பது இங்கேதான். யாரும் உங்களைக் கெட்டவனாக மாறச் சொல்லவில்லை. கணப்புக்குக் காசு தேவைப்பட்டது, அவ்வளவுதான். மொத்தம் 20 முடிவுகள் இருக்கின்றன. தப்பி ஓடலாம், சிறைக்குப் போகலாம், விசுவாசமான ஊழியராகவே தொடரலாம்.

இந்த கேம் 2014-ல் சுயாதீன கேம் விழாவின் மிக உயரிய விருதையும் பாஃப்டா விருதையும் வென்றது. அதே விழாவின் அதே பெரிய விருதை சரியாக பத்து வருஷம் கழித்து, 2024-ல் வாங்கியது ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை: கனடாவுக்குக் குடியேறிய அம்மா இட்லி, பிரியாணி செய்யும் 'வெண்பா'. ஒன்றில் குடியேறிகளை நிறுத்திக் கேள்வி கேட்கும் மேசை, இன்னொன்றில் குடியேறியவர்களின் அடுப்படி.

இந்தியாவிலும் இப்படிப்பட்ட முயற்சி உண்டு. குஜராத்தின் சாலாவைச் சேர்ந்த ஸ்டுடியோ ஒலியோமிங்கஸ் செய்த ஒரு கேமில், கட்டடங்களைத் தின்பதையே வேலையாகக் கொண்ட நகராட்சி ஊழியராக நீங்கள் விளையாடுவீர்கள். இடிக்கிற இயந்திரத்துக்குப் பதில் மனிதன்!

பெற்றோர்களுக்கு ஒரு விஷயம். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 2022 முதல் செல்போனிலும் கிடைக்கிறது. பார்க்கக் குழந்தைகள் கேம் மாதிரி இருந்தாலும் குண்டுவெடிப்பு, உடல் சோதனைக் காட்சிகள் உண்டு. நிர்வாணத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை.

சரி, இதுக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?

'காஞ்சிவரம்' படம் பார்த்திருப்பீர்கள். பிரியதர்ஷன் இயக்கம், பிரகாஷ்ராஜுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். மகள் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை நெய்ய ஆசைப்பட்டு, வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டு நூலை வாயில் ஒளித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடும் நெசவாளி அவர். வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துபவரும் அவரே. தறி நின்றால் நூல் கிடைக்காது, நூல் இல்லாவிட்டால் சேலை முடியாது. கடைசியில் போராட்டத்தையே விட்டுக்கொடுக்கிறார். படத்தில் அவர் செய்வதை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். கேமில் அந்த முடிவை நாமே எடுக்கணும். வித்தியாசம் அதுதான்.

தறிக்கும் அந்தச் சாவடிக்கும் கணக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. டிசைனைப் பொறுத்து பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். முடித்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் விரித்துப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், குறை இருந்தால் கூலியில் பிடிப்பார்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள், அது வேறு தலைக்கு மேல் நிற்கும்.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில், மூன்று நாடா ஓட்டி, இணைத்து நெய்வது. இதற்கு நெசவாளர் ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள ஒரு துணை வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்களில் நிறைய பேர் சின்னப் பிள்ளைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை, 2003-ல் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்துப் பதிவு செய்தது. பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. இன்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தறிப்பக்கமே வராமல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

அந்த 1990-களை ஒரு கேமாக யோசித்துப் பாருங்கள். இது நம் கற்பனைதான், ஆனால் விதிகள் நிஜம். நீங்கள் குழந்தைத் தொழிலாளர் ஆய்வாளர். கையில் 1986-ம் ஆண்டுச் சட்டம். 14 வயது நிரம்பாதவர்களை நெசவு வேலையில் அமர்த்தக் கூடாது. ஆனால் ஒரு விலக்கு: சொந்தக் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆக, தறியில் குழந்தை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது யார் குழந்தை என்று பார்க்கணும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. குழித்தறியில் நெசவாளர், பக்கத்தில் ஒரு பையன். 'யாருப்பா இது?' 'தங்கச்சி பையன் சார்.' சட்டத்தின் வரையறையைப் புரட்டுகிறீர்கள். கணவன் அல்லது மனைவி, அவர்களுடைய குழந்தைகள், உடன்பிறந்தவர்கள். அதோடு முடிந்தது. நம் ஊரில் தாய்மாமன் உறவுக்கு மேல் ஓர் உறவு ஏது? ஆனால் சட்டப்படி அந்தப் பையன் குடும்பத்தில் வரமாட்டான். அதே தறியில் அவர் சொந்த மகன் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எதுவும் எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். அவன் பள்ளிக்கூடம் போகாதவனாக இருந்தாலும்!

'வயசு என்ன?' 'பதினஞ்சு சார்.' பார்த்தால் பதினொன்றைத் தாண்டாது. வயதுச் சான்று இல்லை. அப்படியானால் மருத்துவரிடம் அனுப்பி வயதை உறுதி செய்யணும், இதுவும் சட்டத்தில் இருக்கிறது. அன்று பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் பாக்கி.

இனி, ஆட்டத்தின் நடுவே ஒரு புது விதி. சிவகாசி தீப்பெட்டித் தொழில் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்யணும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போடணும். நல்ல தீர்ப்புதான். ஆனால் உங்கள் முன்னால் தறியில் உட்கார்ந்திருக்கும் 'முதலாளி' யார்? அவரே மாஸ்டர் வீவரிடம் பாவும் ஜரிகையும் வாங்கிக் கூலிக்கு நெய்கிறவர். அட்வான்ஸ் கடனில் இருப்பவர். பையனின் அம்மா வாங்கிய முன்பணமும் அவர் கணக்கில் நிற்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பையன் கொத்தடிமை என்று எழுதினால் அந்தக் கடன் செல்லாது. அடுத்த பாவை யார் தருவார்கள் என்பது பற்றி அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

நிஜ ஆய்வாளருக்கு மாதச் சம்பளம், ஆளுக்கு 5 கிரெடிட் இல்லை. அந்த வகையில் ஆர்ஸ்டோட்ஸ்காவை விட நம் ஊர் பரவாயில்லை. இந்த கேமை உருவாக்குவதானால், பையனைப் பற்றிய படிவத்தில் பெயர், வயது, உறவுமுறை என்று மூன்று கட்டங்கள் போட்டாலே விதியைச் சோதித்துவிடலாம். எத்தனாம் வகுப்பில் நின்றான் என்று நான்காவதாக ஒரு கட்டம் வேண்டுமா, அதைக் கேட்டு நிரப்ப ஆகும் நேரத்துக்கு ஆய்வாளரின் கூலியில் பிடிப்பதா என்பதையெல்லாம் உருவாக்குபவர்தான் முடிவு செய்யணும்.