துப்பாக்கியைக் கீழே வைத்த மலைக்கிராமம்

பினாங்குக் கொடிமலைக்கு ரயிலேறிப் போய் இறங்கியதும், "அடடா, என்ன குளிர்!" என்று கைகளைக் கட்டிக்கொள்கிறோம் அல்லவா? அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் வீடு கட்டி, நெல் விளைத்து வாழ்கிறார்கள் ஓர் ஊர் மக்கள். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், நாகாலாந்துத் தலைநகர் கோஹிமாவுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் கொனோமாதான் அந்த ஊர்.

கோஹிமா என்ற பெயர் நம் தாத்தாமார் வழியாகச் சில குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். 1944-இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் இம்பாலையும் கோஹிமாவையும் குறிவைத்துத்தான் புறப்பட்டது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்கள் பலர் அந்த இராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள்.

கொனோமாவில் வாழ்வோர் அங்காமி நாகர்கள். மலை முதுகில் நெருக்கமான வீடுகள், கற்படிகள், செதுக்கு வேலை செய்த வாசற்கதவுகள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக நெல்வயல்கள். ஓடை நீரை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வாய்க்கால் வெட்டி இறக்குகிறார்கள். மேட்டு நிலத்தில் படிவெட்டி மரம் நட்ட நம்மவர்களுக்கு, அதில் எத்தனை உழைப்பு புதைந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரிவுகளில் ஆல்டர் என்னும் மரங்கள் நிற்கின்றன. இவற்றை அடியோடு சாய்ப்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேலே கழித்து விறகுக்கு எடுத்துக்கொண்டு, இடையிலுள்ள நிலத்தில் சோளம், தினை, உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். பிறகு நிலத்துக்குச் சில ஆண்டு ஓய்வு. வெட்டிய தலையிலிருந்து மரம் மறுபடி தழைத்துவிடும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. இளம் பால்மரங்களுக்கிடையே நாம் படரவிடும் கொடிகள் செய்யும் அதே வேலைதான்!

இந்த மண்ணுக்காக அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. 1879 அக்டோபரில் படையோடு ஊர் வாசலுக்கு வந்த ஆங்கில அதிகாரி டாமன்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரும்படை வந்தது. 1880 மார்ச் வரை மலையுச்சியிலிருந்து எதிர்த்து நின்றார்கள். தோற்றபின் வயல்கள் பறிக்கப்பட்டன, மக்கள் சிதறடிக்கப்பட்டார்கள். திரும்பி வந்துதான் ஊரை மீண்டும் எழுப்பினார்கள். இன்று நாகர்களின் நில உரிமைக்கு இந்திய அரசியல் சட்டத்தின் 371ஏ பிரிவு காவல் நிற்கிறது. காடும் மலையும் குடும்பத்துக்கும் குலத்துக்கும் ஊருக்கும் சொந்தம். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி கட்டிய நம் பெரியவர்களுக்கு, 'சொந்த நிலம்' என்ற சொல்லின் எடை தெரியும்.

வீரத்துக்குப் பெயர்போன ஊர் வேட்டைக்கும் பெயர்போனது. ட்ராகோபான் என்று ஒரு காட்டுக்கோழி இனம்; சேவலுக்குத் தலையும் கழுத்தும் செந்நெருப்பு நிறம், முகம் மஞ்சள். 1993-இல் ஒரே வாரத்தில் சுமார் 300 பறவைகள் சுடப்பட்டனவாம். இப்படியே போனால் காடு வெறிச்சோடிவிடும் என்று ஊருக்குள் சிலர் பேசத் தொடங்கினார்கள். வேட்டைக்காரர்கள் முணுமுணுக்காமல் இல்லை. 1998-இல் ஊர்மன்றமே முடிவெடுத்து, 20 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமாக ஒதுக்கி, வேட்டையைத் தடை செய்தது. 2005-இல் இந்தியாவின் முதல் பசுமைக் கிராமம் என்ற பெயரும் வந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது, "யார் சார் காவல், போலீஸா?" என்று கேட்டான் ஒரு பையன். ஊர்க்காரர்கள்தான் தம்பி! முன்பு துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழைந்தவர்களில் சிலர் இப்போது பறவை பார்க்க வருவோருக்கு வழிகாட்டுகிறார்கள். ட்ராகோபான் கூச்சம் மிகுந்தது; விடியற்காலையில் புதருக்குள்ளிருந்து குரல் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவோரும் உண்டு.