ஒரு கணக்கு, ஒரே பேரேடு

கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் பணம் என்பர் பலர். பணத்தினும் மேலான மூலதனம் ஒன்று உண்டு, அது நம்பிக்கை. அந்நம்பிக்கை குடியிருக்கும் இடம் கணக்குப் புத்தகம். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே நாட்டின் முதல் நகரக் கூட்டுறவு நாணயச் சங்கம் நம் காஞ்சிபுரத்தில் பதிவு பெற்றது. அது முதல் நெடுங்காலம் நம் சங்கங்களின் கணக்கு ஒரே ரொக்கப் புத்தகத்திலும் ஒரே பேரேட்டிலும் எழுதப்பட்டு, ஒரே பீரோவில் பூட்டி வைக்கப்பட்டது. எழுதுவோரும் அங்கே வந்தே எழுதவேண்டும்; பார்ப்போரும் அங்கே வந்தே பார்க்கவேண்டும். இது தொல்லை என்று பலரும் எண்ணினர். ஆயினும் அத்தொல்லைக்குள் ஒரு பெரும் பாதுகாப்பு அடங்கியிருந்தது. கணக்கு ஒன்றே ஒன்றாக இருந்தது.

கணினி வந்த பின்னர் இப்பாதுகாப்பு நாம் அறியாமலே நம் கையை விட்டு நழுவி வருகிறது. அதனைக் காத்துக்கொள்ளும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் அங்கத்தினர்கள் பலருடைய இல்லங்களில் இன்று தறியும் உழவும் மட்டுமே தொழில்களாக இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, வல்லம் வடகால் உட்பட, சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாக அமைந்துள்ளன. இப்பெரிய ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகள், பொதிப்பெட்டி செய்வோர், வேன் வாடகைக்கு விடுவோர், உணவு வழங்குவோர் எனச் சிறு தொழில்கள் பல வளர்ந்துள்ளன. அவற்றுள் சிலவற்றை நடத்துவோர் நம் அங்கத்தினர்களின் மக்களே.

இத்தகைய தொழிலின் கணக்கு எங்கே எழுதப்படுகிறது? பில் போடுவது ஒரகடத்துப் பட்டறையில். மாதக் கணக்கை ஒழுங்கு செய்யும் கணக்கர் இருப்பது காஞ்சிபுரத்தில். ஆண்டு முடிவில் சரிபார்க்கும் ஆடிட்டர் இருப்பது சென்னையில். கிளைகளும் விற்பனை நிலையமும் உடைய நெசவாளர் சங்கத்தின் நிலையும், சேமிப்புக் கிடங்கு வேறிடத்தில் உள்ள விவசாயிகள் சங்கத்தின் நிலையும் இதுவே. மூன்று இடங்கள், மூன்று கணினிகள், கணக்கோ ஒன்று. இதனை எவ்வாறு பகிர்ந்துகொள்வது?

பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி எளிதாகத் தோன்றும். கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுத்துவிடுவது, அல்லது மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு பட்டறைக்காரர் மாதத்தின் முதல் நாள் தம் கணக்கின் நகல் ஒன்றைக் கணக்கருக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். இரண்டாம் நாள் அவர் 80,000 ரூபாய்க்கும், அதன்மேல் 18 சதவீத வரி 14,400 ரூபாய்க்கும், முன்தேதியிட்டுச் சேர்க்கவேண்டியிருந்த சென்ற மாதத்துப் பில் ஒன்றைத் தம் கணினியில் பதிகிறார். அதே நாளில் கணக்கர் தம்மிடமுள்ள நகலில் வங்கிக் கட்டணங்களைப் பதிந்து, சில தவறுகளையும் திருத்துகிறார். ஐந்தாம் நாள் கணக்கரின் நகல் திரும்பி வருகிறது. பட்டறைக்காரர் அதனைத் தம் கோப்பின்மேல் ஏற்றுகிறார். அந்நொடியே 94,400 ரூபாய்ப் பில் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. கணினி எச்சரித்திருக்கலாம், அவசரத்தில் அதனைப் படிப்பவர் யார்?

மாதந்தோறும் சரக்கு சேவை வரி அறிக்கை தருவோர், விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தரவேண்டும். அதிலிருந்து, வாங்கியவருக்குரிய வரி வரவுப் பட்டியல் 14-ஆம் தேதி உருவாகிறது. மறைந்துபோன பில் அதில் இராது. வாங்கிய ஆலை தனக்குரிய 14,400 ரூபாய் வரி வரவைப் பெறமுடியாமல், பட்டறைக்காரருக்குத் தரவேண்டிய தொகையை நிறுத்தி வைக்கும். கூலி கொடுக்கவேண்டிய வாரத்தில் அச்சிறு தொழிலாளி யாரிடம் முறையிடுவார்?

சங்கத்தில் இது நேருமாயின் கேடு இன்னும் பெரிது. அங்கத்தினர் ஒருவர் தவணை செலுத்தி ரசீதும் வைத்திருக்கிறார். கணக்கில் அவ்வரவு இல்லை. கையாடலா, கோப்பு மாறியதா என்று எவரும் கூறவியலாது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, சங்கத்துக்கு நட்டம் விளைவித்தோர் மீது தண்டத்தீர்வை விதிக்க வழி செய்கிறது. களவு செய்யாத செயலாளர் ஒருவர் தம் நேர்மையை நிலைநாட்ட இயலாமல் நிற்கும் நிலை, ஒரு நகல் கோப்பினால் வந்துவிடக்கூடும். ஆய்வுக்குச் செல்லும் எம்மைப் போன்றோர்க்கு இதனினும் வருந்தத்தக்க நிலை வேறில்லை.

இவ்வாறு நேர்வதன் காரணத்தை அறிதல் நலம். கணக்கு மென்பொருள் கோப்பு, கடிதம் போன்றதன்று. நம் நாட்டில் பரவலாக வழங்கும் டேலி மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். பருத்தி ஆலைகளுக்கும் பிற தொழிற்சாலைகளுக்கும் பொருள் வழங்கிவந்த சியாம் சுந்தர் கோயங்கா தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், தம் மகன் பரத் கோயங்காவைக் கொண்டு அமைத்தது அது. அந்நிறுவனம் 1986-இல் பெங்களூரில் தொடங்கியது. அதில் ஒரு நிறுவனத்தின் கணக்கு என்பது தனிக் கோப்பன்று. பல கோப்புகள் அடங்கிய ஓர் உறை. பில், பேரேடு, சரக்கு இருப்பு ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்தவை. அவற்றுள் சில புதியனவாகவும் சில பழையனவாகவும் கலந்துவிட்டால் முழுக் கணக்கும் பழுதாகும். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் முதலிய இணையக் கிடங்குகளில் உறையை வைத்து இருவர் ஒரே நேரத்தில் எழுதினாலும் இக்கேடே விளையும். அக்கிடங்குகள் கோப்புகளைத் தனித்தனியே ஏற்றுவன; கணக்கின் பிணைப்பை அவை அறியா.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? நான்கு வழிகள் உள. நான்கிற்கும் அடிப்படை விதி ஒன்றே: எழுதத்தக்க கணக்கு ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

முதலாவது, முறை வைத்து எழுதுதல். கணக்கு கணக்கரிடம் சென்றுள்ள நாட்களில் பட்டறையில் எவரும் அதில் எழுதலாகாது. பில்களைக் கைப்புத்தகத்தில் குறித்து வைத்து, கணக்கு திரும்பிய பின்னரே பதியவேண்டும். கொடுத்த நாள், பெற்ற நாள், கடைசிப் பில் எண் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் ஒப்பமிடுதல் நன்று. உறையை அப்படியே நகலெடுக்காமல், மென்பொருளிலேயே உள்ள காப்புநகல் கட்டளையைப் பயன்படுத்தவேண்டும்.

இரண்டாவது, தொலைவிலிருந்து திரையை இயக்குதல். கணக்கு பட்டறைக் கணினியிலேயே இருக்கும். கணக்கர் காஞ்சிபுரத்திலிருந்தே அக்கணினியின் திரையைக் கண்டு எழுதுவார். வழியில் செல்வது திரையின் படமும் விசை அழுத்தங்களுமே. கோப்பு இடம் பெயராது. இணைப்பு அறுந்தாலும் கணக்கு பெரும்பாலும் பழுதாகாது. ஆனால் இவ்வகைச் செயலிகளையே மோசடிக்காரரும் பயன்படுத்துகின்றனர். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி எவர் இணைப்பு எண் கேட்பினும் கொடுத்தலாகாது.

மூன்றாவது, வாடகைக்குக் கிடைக்கும் இணையச் சேவைக் கணினியில் கணக்கை வைத்தல். பலர் ஒரே நேரத்தில் எழுதவேண்டுமாயின், பலர் பயன்படுத்தும் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். டேலியில் சில்வர் உரிமம் ஒருவருக்கும், கோல்டு உரிமம் பலருக்கும் உரியது. இவ்வழியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இணையம் வழியாகவே இயங்கிய குவிக்புக்ஸ் என்னும் கணக்குச் சேவை, 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. பிறர் வீட்டுப் பரணில் நெல்லை வைப்போர், சாவியையும் விதை நெல்லையும் தம்மிடம் வைத்துக்கொள்ளவேண்டும். மாதந்தோறும் முழுக் கணக்கின் நகல் ஒன்று நம் கைக்கு வந்து சேர்தல் இன்றியமையாதது.

நான்காவது, கணக்கை அனுப்பாமல் பதிவுகளை மட்டும் அனுப்புதல். கிளை அலுவலகம் தன் நாள்வழிக் குறிப்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவந்த பழைய முறையே இது. அன்றன்றைய பதிவுகளை ஏற்றுமதி செய்து, தலைமைக் கணக்கில் ஒருவரே இறக்கிக்கொள்வார். ஆடிட்டரும் திருத்தங்களைப் பட்டியலாகத் தருவார். எழுதுபவர் ஒருவரே எழுதுவார். இணைய வசதி குன்றிய சிறு சங்கங்களுக்கு இதுவே ஏற்றது என்பது எம் கருத்து.

கூட்டுறவு இயக்கமே இவ்வடிப்படை விதியைத் தனதாக்கிக்கொண்டுள்ளது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐ 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கியின் பொறுப்பில் நடைபெறும் அத்திட்டத்தின் நோக்கம், சங்கங்கள் யாவும் ஒரே பொது மென்பொருளில், ஒரே முறையில் கணக்கெழுதி, மாவட்ட மத்திய வங்கியோடும் மாநில வங்கியோடும் இணைந்திருத்தல். கோப்பு ஊர் ஊராய்ச் செல்வதில்லை. ஊர்கள் கணக்கிடம் வருகின்றன.

இறுதியாக, எவ்வழியை மேற்கொள்வோர்க்கும் பொதுவான காப்புகள் சில. எழுதுவோர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். அப்பொழுதே எப்பதிவு எவருடையது என்பது விளங்கும். கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்கள், திருத்தங்களின் தடத்தை அழிக்காமல் காட்டும் மென்பொருளையே பயன்படுத்தவேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அவ்விதி தம்மைக் கட்டுப்படுத்தாத சிறு தொழிலினரும் அவ்வசதியை விரும்பி ஏற்பது நன்று. டேலியின் பெட்டகக் கடவுச்சொல்லை மறந்தால் கணக்கை மீட்க வழியில்லை. அதனை எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டுப் பெட்டியில் வைக்கவேண்டும். காப்புநகல் ஒன்றேனும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கவேண்டும். மாத முடிவில் வங்கி இருப்பையும் ரொக்க இருப்பையும் கணக்கோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடவேண்டும்.

அங்கத்தினர்களே! இவை கணக்கர்களின் வேலை என்று வாளாவிருத்தல் தகாது. அடுத்த பொதுப் பேரவையில் மூன்று வினாக்களை எழுப்புங்கள். நம் கணக்கு எங்கே இருக்கிறது? அதில் எழுத உரிமை பெற்றோர் எவர் எவர்? கடைசியாகக் காப்புநகலைத் திறந்து சரிபார்த்த நாள் எது? இம்மூன்றிற்கும் தயங்காமல் விடை கூறும் சங்கத்தில் உங்கள் பணம் மட்டுமன்றி, கணக்கெழுதும் ஊழியரின் நற்பெயரும் காப்பாற்றப்படும். விடை கிடைக்காத சங்கத்தில், விடை கிடைக்கும்வரை மீண்டும் மீண்டும் கேட்பது அங்கத்தினரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.