சூடானால் முரண்டு பிடிக்கும் டீசல் வண்டி

காலையில் சாவியைத் திருப்பியதும் உறுமிக்கொண்டு கிளம்புகிற வண்டி அது. ஓட்டத்திலும் குறை சொல்ல முடியாது. வழியில் சாப்பிட நிறுத்திவிட்டு, அரைமணி கழித்து வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது. இன்ஜின் பிடிக்க மறுக்கிறது. நன்றாக ஆறிய பிறகு, தானாகவே கிளம்பிவிடும். 1980களின் டீசல் பிக்கப் டிரக்குகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் அமெரிக்கர்களுக்கு இது பழகிப்போன தொல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, 500 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாகும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். அப்படியானால் சூடான இன்ஜின்தானே எளிதாகக் கிளம்ப வேண்டும்?

இந்த முரணே மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் துப்பு. ஹீட்டர் பிளக் பழுதென்றால் தொல்லை குளிரில்தான் வரும். கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் அப்படித்தான். டீசல் குழாயில் ஏர் இழுத்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டிதான் காலையில் தகராறு செய்யும். சூட்டில் ஸ்டார்ட்டர் மோட்டார் தளர்ந்து மெதுவாகச் சுற்றுவதும் உண்டு. அதைக் காதால் கேட்டே கண்டுபிடித்துவிடலாம். சுற்றும் வேகம் காலையில் இருந்தது போலவே இருந்தால், சந்தேகம், சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப் மீது திரும்புகிறது.

ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் இன்ஜினிலும், ஃபோர்டின் 6.9 லிட்டர் இன்ஜினிலும் இருந்தது ஸ்டானடைன் டிபி2 என்ற ரோட்டரி பம்ப். அதன் தலைப்பகுதியில் ஓர் உருளை சுழலும். உருளைக்கும் அது சுழலும் துளைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். அழுத்தத்தைத் தாங்க ரப்பர் சீல் எதுவும் அங்கே இல்லை. மசகு எண்ணெயின் வேலையையும் டீசலே பார்க்கிறது.

தேய்மானம் இந்த இடைவெளியைத்தான் அகலமாக்குகிறது. மெல்லிய இடுக்கில் கசியும் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப உயரும். இடைவெளி இரட்டிப்பானால் கசிவு எட்டு மடங்கு. டீசல் நீர்த்தால் கசிவு இன்னும் கூடும்.

வண்டி ஓடும்போது டேங்கிலிருந்து வந்து திரும்பும் டீசல், பம்பின் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. நிறுத்தியதும் அந்த ஓட்டம் நின்றுவிடும். இந்த வி-8 இன்ஜின்களின் இரு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே, மேலே உட்கார்ந்திருக்கும் பம்புக்குள் கீழிருந்து வெப்பம் ஏறுகிறது. உள்ளே நிற்கும் டீசல் நீர்த்துப்போகிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்க 100 பாருக்கும் மேல் அழுத்தம் வேண்டும். செல்ஃப் சுற்றுவதோ நிமிடத்துக்கு 100 முதல் 200 சுற்று. அத்தனை மெதுவான தள்ளலில், அழுத்தம் ஏறுவதற்குள் டீசல் இடுக்கு வழியே நழுவிவிடுகிறது. இன்ஜின் பிடித்துவிட்டால் வேகம் பல மடங்காகி, கசிய நேரமே இல்லாமல் போகும். ஓட்டத்தில் குறை தெரியாததற்குக் காரணம் இதுதான்.

சோதனைக்குச் செலவில்லை. இன்ஜினை அணைத்த நிலையில், பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீரைச் சில நிமிடம் மெல்ல ஊற்ற வேண்டும், ஈரத்துணியும் போடலாம். உடனே கிளம்பினால் பம்ப் தேய்ந்திருக்கிறது. ஓடும் இன்ஜினில் ஊற்றக் கூடாது; வெளிக்கூடு முதலில் சுருங்கி, சுழலும் உருளையை இறுக்கிப் பிடித்துவிடலாம்.

பம்புக்கு மசகாகவும் இருக்கும் எரிபொருளும் மாறிவிட்டது. அமெரிக்க நெடுஞ்சாலை டீசலில் கந்தகத்தின் அளவு 1993இல் பத்து லட்சத்தில் 500 பங்காகவும், 2006இல் 15 பங்காகவும் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் முறை, டீசலின் இயல்பான மசகுத்தன்மையையும் குறைத்துவிடுகிறது. அதை ஈடுகட்டத் தனியாக வேதிப்பொருள் சேர்க்கிறார்கள்.

1994இல் வந்த ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இந்தப் பம்பே இல்லை. அங்கே இன்ஜெக்டர்களை இயக்குவது உயர் அழுத்த இன்ஜின் ஆயில். அந்த அழுத்தம் 35 பார் அளவுக்கு ஏறாமல் இன்ஜின் கிளம்பாது. சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த ஓ-ரிங் வழியே கசிந்தால் அதே தொல்லை வரும். ஆனால் இங்கே தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆயில் அழுத்தத்தைப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால், ஆயில் பாதையில் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, சீறல் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள்.