சாணித்தாளில் பிறந்த கிரகங்கள்

1963 ஜனவரி 1 அன்று ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் ‘டெட்சுவான் அட்டம்’ ஒளிபரப்பானது. காலில் ஜெட் வைத்துப் பறக்கும் அந்த ரோபோ சிறுவனை உலகம் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று அறியும். வாராவாரம் அரை மணி நேரம் ஓடும் அனிமேஷன் தொடர் என்ற வழக்கத்துக்கு ஜப்பானில் பிள்ளையார் சுழி போட்டது அதுதான். அதைப் படைத்த ஒசாமு தெசுகாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்தே ஆரம்பிப்பார்கள். எனக்குப் பிடித்த தெசுகா அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தையவர். பகலில் மருத்துவம் படித்துக்கொண்டு, இரவில் ஒசாகாவின் சில்லறைப் பதிப்பாளர்களுக்கு அறிவியல் புனைகதைக் காமிக்ஸ் வரைந்த இருபது வயதுப் பையன்.

அந்தப் பதிப்பாளர்கள் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். போர் முடிந்த ஜப்பானில் காகிதத்துக்கு ரேஷன். டோக்கியோவின் பெரிய நிறுவனங்களே தாளுக்குத் திண்டாடின. ஆனால், கழிவுத்தாளைக் கூழாக்கிச் செய்யும் ‘செங்கா’ என்ற மட்டமான தாள் மட்டும் ரேஷன் கணக்கில் வரவில்லை. நம்மூர்ச் சாணித்தாளுக்கு அண்ணன் தம்பி அது. அதை வாங்கி, குழந்தைகளுக்கான படக்கதைகளை அடித்துத் தள்ளின ஒசாகாவின் சிறு அச்சகங்கள். அட்டையில் சிவப்பு மையை அள்ளிப் பூசியிருப்பார்கள்; அதனால் ‘அகாஹோன்’, அதாவது சிவப்புப் புத்தகம் என்று பெயர். இவை புத்தகக் கடைக்கு அதிகம் போவதில்லை. பொம்மை மொத்த வியாபாரம் நடக்கும் மாட்சுயாமாச்சித் தெருவிலிருந்து மிட்டாய்க் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் போகும். பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இவற்றைக் கண்டாலே ஆகாது.

அச்சு முறையும் மலிவானதுதான். ஓவியர் வரைந்ததைப் புகைப்படம் எடுத்து அச்சுத் தகடு செய்யப் பணம் ஆகும். ஆகவே, வேறொரு தொழிலாளி மூலப்படத்தைப் பார்த்து உலோகத் தகட்டின் மேல் தன் கையால் மறுபடி வரைவார். வாசகர் பார்ப்பது அந்தத் தொழிலாளியின் கோடுகளைத்தான். தெசுகா 1947-இல் ஷிச்சிமா சகாய் என்ற மூத்த ஓவியரின் கதையமைப்புக்கு வரைந்த ‘புதிய புதையல் தீவு’ இப்படி வெளிவந்ததுதான். நான்கு லட்சம் பிரதி விற்றதாகச் சொல்கிறார்கள். விற்பனை எப்படியிருந்தாலும், அச்சில் வந்த கோடுகளில் தெசுகாவுக்குத் திருப்தி இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து, தன் முழுத் தொகுப்பில் சேர்ப்பதற்காக அந்தப் புத்தகத்தையே முழுதாகத் திருப்பி வரைந்தார்.

அந்தப் புத்தகத்தின் தொடக்கப் பக்கங்கள் இன்றுவரை பேசப்படுகின்றன. ஒரு சிறுவன் துறைமுகத்துக்குக் காரில் விரைகிறான். செய்தி அவ்வளவுதான். அக்காலத்துப் படக்கதையில் இதற்கு ஒரு கட்டம் போதும். தெசுகாவோ கட்டம் கட்டமாக நீட்டுகிறார்: கார் தூரத்தில் தெரிகிறது, நெருங்குகிறது, ஓட்டுகிறவன் முகம் தெரிகிறது, கார் கடந்து போகிறது. கார் எங்கே போகிறது என்பதை விட, பார்க்கிற நம் கண் எங்கே நிற்கிறது என்பதுதான் கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது. காகிதத்தில் கேமராவை நகர்த்துகிற வேலை இது. பின்னாளில் பெரிய ஓவியர்களான பலர், சிறுவயதில் இந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தெசுகாவுக்குச் சினிமாக் கண் வீட்டிலேயே கிடைத்தது. அப்பா ‘பாத்தே பேபி’ என்ற சிறிய வீட்டுப் புரொஜெக்டர் வைத்திருந்தார். சாப்ளினும் மிக்கி மவுஸும் வீட்டுச் சுவரில் ஓடின. 1945 ஏப்ரலில், குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே காலியாகிக்கொண்டிருந்த ஒசாகாவில், ஏறக்குறைய ஆளில்லாத கொட்டகையில் ‘மொமொதாரோ’ என்ற கடற்படைப் பிரசார அனிமேஷன் படத்தைப் பார்த்தார். என்றைக்காவது ஒரு அனிமேஷன் படம் எடுத்தே தீருவது என்று அன்றே முடிவு செய்ததாக அவரே பிற்பாடு சொன்னார். எடுக்கப் பணம் இல்லை, ஆள் இல்லை, கேமரா இல்லை. பேனாவும் சாணித்தாளும் இருந்தன.

அறிவியலும் வீட்டுச் சரக்குதான். பள்ளி நாட்களில் அவர் வண்டு பிடிக்கப் பைத்தியமாக அலைந்தவர். தரையில் ஓடும் ஒருவகை வண்டின் ஜப்பானியப் பெயர் தன் பெயரை ஒத்திருந்ததால், பெயரில் பூச்சியைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். வண்டுகளை வண்ணத்தில் வரைந்து கையெழுத்துப் புத்தகமே செய்திருக்கிறார். பிறகு ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம். ஒரு காலின் மூட்டு எங்கே மடங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வரைகிற கை அவருடையது.

1948 டிசம்பரில் ஃபுஜி ஷோபோ என்ற பதிப்பகம், இங்கே நான் பேசப்போகும் அவருடைய மூன்று அறிவியல் புனைகதைகளில் முதலாவதான ‘லாஸ்ட் வேர்ல்ட்’ கதையை இரண்டு பாகமாக வெளியிட்டது: ஒன்று பூமி, இன்னொன்று விண்வெளி. அதற்கு முன்பே பள்ளி நாட்களில் இதே கதையைத் தனக்கும் நண்பர்களுக்குமாகக் கையால் வரைந்து வைத்திருந்தார். அந்தச் சொந்தப் பிரதி பிற்காலத்தில் தனிப் புத்தகமாகவே வந்தது.

கதை இது. ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியிலிருந்து பிரிந்து போன மாமாங்கோ என்ற கிரகம் மறுபடி பூமியை நெருங்குகிறது. அதிலிருந்து விழுந்த கல்லில் அபாரமான ஆற்றல். அதைக் கைப்பற்ற ஒரு கூட்டம் அலைகிறது. ஷிகிஷிமா என்ற சிறுவயது விஞ்ஞானி ராக்கெட்டில் கிளம்புகிறான். கூடவே மீசைக்காரத் துப்பறிவாளர், மனிதனைப்போலப் பேசும் முயல், செடியிலிருந்து உருவாக்கப்பட்ட அயாமே, மொமிஜி என்ற இரண்டு பெண்கள், திருட்டுத்தனமாக ஏறிக்கொண்ட லாம்ப் என்ற பத்திரிகைக்காரன். போய் இறங்கிய இடத்தில் டைனோசர்கள்.

அறிவியல் சரியா? கணக்கு இடிக்கிறது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆயிற்று. ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிரகத்தில் அவை ஏறியிருக்க முடியாது. ஆனால், கிரகம் பிரிந்து போகும் கற்பனை அன்றைக்கு அவ்வளவு அபத்தம் இல்லை. நிலா பூமியிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது என்று சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கொள்கை சொல்லியிருந்தார். பெரிய பொருள் ஒன்று மோதி, சிதறியதிலிருந்து நிலா உருவானது என்ற இன்றைய விளக்கம் வருவதற்கு 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செடிப் பெண்கள் வேறு ரகம். பாசியைத் தின்று, அதன் பச்சையக் கணிகங்களைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்ளும் கடல் நத்தை உண்மையில் இருக்கிறது. ஆனால் நம் அளவு உடம்புக்கு வெயிலை வைத்து வயிறு நிரம்பாது. தோலின் பரப்பு போதாது.

இந்தப் பிழைகளையெல்லாம் மறக்க வைக்கும் ஓர் இடம் அந்தக் கதையில் வருகிறது. மாமாங்கோவில் லாம்ப்பும் மொமிஜியும் தனியே மாட்டிக்கொள்கிறார்கள். உணவில்லை. லாம்ப் மொமிஜியைத் தின்றுவிடுகிறான். அவள் பேசுகிறாள், பயப்படுகிறாள். அதே சமயம் செடி. இது கொலையா, சாப்பாடா? மிட்டாய்க் கடையில் புத்தகம் வாங்கிய பத்து வயதுப் பையனிடம் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார் தெசுகா. முடிவும் சுபமில்லை. ஷிகிஷிமாவும் அயாமேயும் அந்தக் கிரகத்திலேயே தங்கிப்போகிறார்கள்; கிரகம் விலகிப் போய்விடுகிறது. குழந்தைகள் படக்கதை என்றால் சிரிப்பும் நல்ல முடிவும் என்று இருந்த காலம். பெரிய பத்திரிகை ஆசிரியர் யாராவது இருந்திருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பார். அகாஹோன் பதிப்பாளருக்குப் பக்கக் கணக்கு சரியாக இருந்தால் போதும். பெரியவர்கள் யாரும் மதிக்காத தொழில் என்பதால்தான் அங்கே இந்தச் சுதந்திரம் கிடைத்தது என்பது என் கட்சி.

1949 செப்டம்பரில் ‘மெட்ரோபோலிஸ்’. ஃபிரிட்ஸ் லாங்கின் 1927 படத்தைத் தெசுகா அப்போது பார்த்ததில்லை. பெண் ரோபோ நிற்கும் ஒரு ஸ்டில்லைப் பத்திரிகையில் பார்த்திருந்தார். மற்றதெல்லாம் சொந்தக் கற்பனை. டியூக் ரெட் என்ற கொடியவன் சூரியனில் செயற்கைக் கரும்புள்ளிகளை உண்டாக்குகிறான். அவற்றின் கதிர்வீச்சால் டாக்டர் லாட்டனின் செயற்கைப் புரத உயிரணுக்கள் உயிர் பெறுகின்றன. அப்படி உருவான குழந்தை மிச்சி. தொண்டைக்குள் ஒரு பொத்தானை அழுத்தினால் பையன், மறுபடி அழுத்தினால் பெண். மிச்சி பறப்பான், பலசாலி. தனக்கு அம்மா அப்பா இல்லை என்று தெரிந்ததும் ரோபோக்களைத் திரட்டிக்கொண்டு மனிதர்கள் மேல் பாய்கிறான். கரும்புள்ளிகள் அழிந்ததும் அவன் உடம்பு கரைந்து போகிறது. நடுவில் அதே கதிர்வீச்சால் பெருத்துப்போன எலிகள் வேறு வருகின்றன. அச்சு அசல் மிக்கி மவுஸ். சுவரில் ஓடிய படத்துக்குச் செலுத்திய காணிக்கை என்றும் சொல்லலாம், குறும்பு என்றும் சொல்லலாம்.

கரும்புள்ளி என்பது உண்மையில் சூரியப் பரப்பில் சுற்றுப்புறத்தை விட வெப்பம் குறைந்த இடம். பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ் என்றால் அங்கே ஓராயிரம் டிகிரிக்கு மேல் குறைந்திருக்கும். அதனால் கறுப்பாகத் தெரிகிறது. அதன் அருகே வெடிக்கும் சூரியச் சுடர்கள் வானொலியைக் குழப்பும், உயிரை உண்டாக்காது. ஆனால் ஆற்றலைப் பாய்ச்சினால் உயிரற்ற பொருளிலிருந்து உயிரின் செங்கற்கள் பிறக்குமா என்ற கேள்வி அன்றைக்கு ஆய்வகங்களிலும் இருந்தது. ஸ்டான்லி மில்லர் வாயுக்கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்ற செய்தி வெளிவந்தது 1953-இல், இந்தச் சாணித்தாள் புத்தகத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

மிச்சியைப் பார்த்தால் ஆஸ்ட்ரோ பாய் நினைவுக்கு வராமல் இருக்காது. 1951-இல் ‘ஷோனென்’ இதழில் அட்டம் முதன்முதலாகத் தோன்றியபோது, மிச்சியின் பலமும் தனிமையும் அவனுக்கு வந்து சேர்ந்தன. பொத்தானும் பெண் பாதியும் போய்விட்டன. ஆத்திரமும் பெரும்பாலும் போய்விட்டது. அட்டம் நல்ல பிள்ளை. மிச்சிக்கு நகரத்தைக் கொளுத்தும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

மூன்றாவது புத்தகம் 1951 தொடக்கத்தில் இரண்டு பாகமாக வந்த ‘நெக்ஸ்ட் வேர்ல்ட்’. ஸ்டார், உரான் என்று இரண்டு வல்லரசுகள். எவை எவை என்று சொல்லத் தேவையில்லை. அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சால் ஒரு தீவில் ஃபூமூன் என்ற புதிய மனித இனம் உருவாகியிருக்கிறது. பூமியை நோக்கி ஒரு விஷவாயு மேகம் வருகிறது. வல்லரசுகளோ சண்டையில் மும்முரம். பிக்கினித் தீவில் சோதனை நடந்து ஐந்து ஆண்டுகூட நிறையவில்லை. கதிர்வீச்சு மரபணுவை மாற்றும் என்பது உண்மை; பழ ஈக்களில் அதை நிரூபித்த ஹெர்மன் முல்லருக்கு 1946-இல் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. ஆனால் அந்த மாற்றங்கள் கண்மூடித்தனமானவை. பெரும்பாலும் கேடுதான் செய்யும். ஓர் இனமே அறிவோடு எழுந்து வராது. தெசுகா இதற்காக ஏறக்குறைய ஆயிரம் பக்கம் வரைந்து, முந்நூறு சொச்சமாக வெட்டினார் என்பார்கள். படித்தால் வெட்டு தெரிகிறது. ஆட்கள் திடீரென்று வருகிறார்கள், போகிறார்கள். கதை மூச்சு வாங்குகிறது. மூன்றில் இதுதான் பெரிய ஆசை, இதுதான் பெரிய குளறுபடியும்.

மூன்று தலைப்புகளையும் சேர்த்து வைத்தால் ஒன்று புலப்படும். ‘லாஸ்ட் வேர்ல்ட்’ 1925-இல் வந்த படம், ‘மெட்ரோபோலிஸ்’ 1927, மூன்றாவதன் ஜப்பானியத் தலைப்பு எச்.ஜி. வெல்ஸ் திரைக்கதை எழுதிய 1936 படத்துக்கு ஜப்பானில் வைத்த பெயர். எடுக்க முடியாத படங்களைத் தெசுகா தாளில் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு நடிகர்களும் வைத்திருந்தார். மீசைத் துப்பறிவாளர், லாம்ப், கெனிச்சி, ராக் என்ற அதே முகங்கள் கதைக்குக் கதை வேறு வேறு வேடத்தில் வரும், பழைய நாடகக் கம்பெனியில் ஒரே நடிகர் இன்று ராஜா, நாளை மந்திரி என்று வருவதைப்போல. அந்த மீசைக்காரர் முகம், பள்ளித் தோழர் ஒருவர் தன் தாத்தாவைக் கிறுக்கிய படத்திலிருந்து வந்தது.

படம் எடுக்கும் ஆசை நிறைவேறியபோது சிக்கனமும் சேர்ந்தே வந்தது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டகம். ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரில் தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் நிறுவனம் ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டு படம், பல இடங்களில் அதற்கும் குறைவு என்று சமாளித்தது. பேசும்போது வாய் மட்டும் அசையும். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சி அடுத்தடுத்த வாரங்களில் திரும்ப வரும். அசையாத படத்தை அசைவதுபோலக் காட்டும் தந்திரத்தை அவர் அகாஹோன் நாட்களிலேயே பழகியிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அகாஹோன் மூலப் பிரதிகள் இன்று அருமையாகிவிட்டன. சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். மூன்று கதைகளும் 2003-இல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் வழியாக ஆங்கிலத்தில் வந்தன. ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் ‘லாஸ்ட் வேர்ல்ட்’ படியுங்கள். கோடுகள் பிஞ்சு, நகைச்சுவை பழசு, அறிவியல் ஓட்டை. ஆனாலும் செடிப் பெண்ணின் கதி உங்களை விடாது. ‘மெட்ரோபோலிஸ்’ பெயரில் ரின்தாரோ இயக்கி, ‘அகிரா’ புகழ் கட்சுஹிரோ ஒட்டோமோ எழுதிய 2001 அனிமேஷன் படம் கண்ணுக்கு விருந்து. அதை முதலில் பார்த்துவிட வேண்டாம். அதில் மிச்சி கிடையாது. அந்த இடத்தில் டீமா என்ற வேறொரு பெண் இருக்கிறாள்.